ஓகாமி: கண்ணுக்கு விருந்து சரி, ஆட்டமாக எப்படி?

மைக்கறை

நேற்று இரவு ஓகாமியை இரண்டாவது முறையாக முடித்தேன். முதல் முறை ஆடியது பழைய பிளேஸ்டேஷன் 2 பதிப்பு, இந்த முறை கணினியில் எச்டி பதிப்பு. பிரமிப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அன்று கண்ணில் படாத குறைகள் இந்த முறை வரிசையாகத் தெரிந்தன. இரண்டையும் மனம்விட்டுப் பேசத்தான் இந்த இழை.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: 2006-இல் காப்காமின் க்ளோவர் ஸ்டூடியோ செய்த ஆக்‌ஷன் அட்வென்ச்சர் கேம். இயக்கியவர் ஹிதேகி காமியா. சூரியக் கடவுள் அமதெராசு ஒரு வெள்ளை ஓநாயாக மண்ணுக்கு வருகிறாள். அவளாகத்தான் நாம் ஆடுகிறோம். எட்டுத்தலை நாகம் ஒரோச்சி நாட்டின் மேல் சாபத்தைப் பரப்பியிருக்கிறது. மண் கறுத்து, மரம் பட்டுப்போய்க் கிடக்கிறது. அதை மீட்க வேண்டும். பெயரிலேயே ஒரு சிலேடை இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ஓகாமி என்ற ஒலிக்கு ஓநாய் என்றும் பொருள், பெருந்தெய்வம் என்றும் பொருள்.

முழுக் கேமும் சுமி-எ என்ற மையோவியப் பாணியில் இருக்கிறது. மலைக்கும் மரத்துக்கும் தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே கரைந்த நீர்வண்ணம், எல்லாவற்றின் மேலும் காகிதத்தின் சொரசொரப்பு. இவ்வளவோடு நின்றிருந்தால் அழகான கேம் என்று சொல்லிவிட்டுக் கடந்திருப்பேன். தெய்வத் தூரிகைதான் என்னை இங்கே கட்டிப்போட்டது.

ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் உலகம் அப்படியே உறைந்து, பழுப்பேறிய காகிதம் ஆகிவிடும். அதன்மேல் நாம் வரையலாம். குறுக்கே ஒரு கோடு போட்டால் பாறை பிளக்கும். பட்ட மரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் பூக்கும். வானத்தில் வட்டம் போட்டால் சூரியன் உதிக்கும். காமிகி கிராமத்துக்கு முதன்முதலில் வரும்போது மேலே வெயிலே இருக்காது. வெற்று வானத்தில் ஒரு வட்டம் வரைந்து பட்டனை விட்டதும் ஊர் முழுக்க வண்ணம் ஏறும். எனக்கு ஓவியம் வராது. ஆனால் அந்த ஒரு நொடியில் அந்த ஊரை என் கைதான் வரைந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தக் கேமில் ஓவியப் பாணி மேலே பூசிய வர்ணம் இல்லை, ஆட்டமே அதுதான். ஆனால் இவ்வளவு அருமையான தூரிகையை நம் கையில் கொடுத்துவிட்டு, நாமாக யோசித்து வரைவோம் என்று கேம் நம்பவே மாட்டேன் என்கிறது. குறைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒற்றைப்பட்டன்

நான் ஆறு மணி நேரத்தில் விட்டவன். அதனால் என் கருத்தை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கதையே கால் மணி நேரத்துக்கு மேல். திரையில் எழுத்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வருகிறது. பேச்சு என்று ஒலிப்பது பொருளில்லாத முணுமுணுப்பு. சரி, பாணி என்று பொறுத்துக்கொண்டேன். அப்புறம் ஆட்டம் கைக்கு வந்த பிறகும் அந்தச் சின்னப் பூச்சி ஆள் இஸ்ஸுன் வாயை மூடுவதே இல்லை. ஒரு புதிரைப் பார்த்து நான் யோசிக்கத் தொடங்கும் முன்பே கேமரா தானாகத் திரும்பி விடையைக் காட்டுகிறது. கீழே இஸ்ஸுன் வேறு விளக்கம் சொல்கிறான், முக்கியமான சொல்லுக்குச் சிவப்பு நிறம் அடித்து. அப்படியென்றால் நான் அங்கே எதற்கு இருக்கிறேன்?

சண்டையிலும் பயமே இல்லை. அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு முறைகூடச் சாகவில்லை. சாகும் நிலை வந்தாலும் உயிர் கொடுக்க ஒரு பை இருக்கிறது.

அழகு என்பதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். என்னை உட்கார வைக்க அது போதவில்லை.

மைக்கறை

இதில் எதையும் நான் மறுக்க மாட்டேன். அந்தத் தொடக்கம் உண்மையாகவே நீளம். பிளேஸ்டேஷன் 2-இல் தாண்டிப் போகவும் வழியில்லை, பின்னால் வந்த பதிப்புகளில் தாண்டலாம். கேமரா திரும்பி விடை காட்டுவதுதான் என்னையும் அதிகம் உறுத்துகிறது. பட்ட மரம், பக்கத்திலேயே மொட்டு. யாரும் சொல்லாமலே கை வட்டம் போடப் போகும். அந்தக் கண்டுபிடிப்பின் சந்தோஷத்தை அரை நொடி முந்திக்கொண்டு கேமே பறித்துவிடுகிறது.

மாலைவெயில்

நான் இதை நான்கு முறை ஆடியிருக்கிறேன். அழகைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். இந்தக் கேமில் நம் பலம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தீர்களா?

மற்ற கேம்களில் எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி ஏறும். இங்கே சண்டை போட்டால் கிடைப்பது பணமும், திறமையாக முடித்தால் பேய்ப்பல்லும்தான். உயிரளவையும் மைக்குடுவைகளையும் கூட்ட வேண்டுமென்றால் "புகழ்ச்சி" வேண்டும். அது கிடைக்கும் வழிகளைப் பாருங்கள். பட்ட மரத்தைப் பூக்க வைத்தால் கிடைக்கும். முயலுக்கும் குருவிக்கும் காட்டுப்பன்றிக்கும் இரை வைத்தால் கிடைக்கும். ஊர்க்காரர்களின் சின்னச் சின்னச் சிக்கல்களைத் தீர்த்தால் கிடைக்கும். ஒரு கடவுள் வளர்வது மற்றவர்களின் நன்றியால்தான் என்ற கருத்தை வசனமாகச் சொல்லாமல் கணக்கிலேயே வைத்துவிட்டார்கள். நாள் முழுக்க நூறு பேயை அடித்தாலும் அமதெராசுவின் ஆயுள் ஒரு துளிகூடக் கூடாது.

ஒரு அம்மாவின் துணி காயப்போடும் கம்பு காணாமல் போயிருக்கும். நாம் ஒரு கோடு வரைந்து கம்பைக் கொடுத்து, மேலே சூரியனையும் வரைந்து துணியை உலர்த்திக் கொடுக்கிறோம். உலகைப் படைத்தவள் செய்யும் வேலை அது. எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அதைவிட ஆழமான இடம் சுசானோ. தன்னை மாவீரன் என்று சொல்லிக்கொள்ளும் பயந்தவன். அவன் மரவாளை வீசும் அதே கணத்தில் நாம் தூரிகையால் கோடு போட வேண்டும். பாறை பிளக்கும். தானே பிளந்துவிட்டதாக நம்பி அவன் பூரித்துப்போவான். அமதெராசு திருத்துவதில்லை. அவர்கள் கண்ணுக்கு அவள் வெறும் வெள்ளை நாய். சிவப்புக் கோலமும் முதுகில் இருக்கும் கண்ணாடியும் அவர்களுக்குத் தெரிவதில்லை, நமக்குத் தெரிகின்றன. மை தீர்ந்துபோனால் அந்தக் கோலம் மறைந்து நமக்கும் அவள் சாதாரண ஓநாயாகிவிடுவாள். கண்ணுக்கு முன்னால் தெய்வம் தேய்வதை மை அளவோடு கட்டிவைத்த யோசனை எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

பழையவட்டு

பின்னணி கொஞ்சம் சொல்கிறேன், விவாதத்துக்கு உதவும்.

இந்தக் கேம் ஓவியமாகத் தொடங்கவில்லை. முதலில் காமியாவின் குழு செய்துகொண்டிருந்தது இயற்கையை நிஜம்போலக் காட்டும் முப்பரிமாண உலகம். நிஜமான காடும் புல்லும் வேண்டுமென்றால் பிளேஸ்டேஷன் 2-க்குத் தாங்கும் சக்தி இல்லை. அந்த நெருக்கடியில்தான் மையோவியத்துக்கும் உகியோ-எ மரஅச்சுப் படங்களின் பாணிக்கும் திரும்பினார்கள். பாணி மாறிய பிறகுதான் தூரிகையையே ஆட்டத்தின் கருவியாக்கும் எண்ணமும் வந்தது. அதனால் மைக்கறை சொன்னது வரலாற்றிலும் சரி. இங்கே படம்தான் ஆட்டத்தைப் பெற்றெடுத்தது.

கேம் 2006 ஏப்ரலில் ஜப்பானில் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை அந்த அளவுக்கு இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் க்ளோவரைக் கலைப்பதாக அறிவித்தார்கள், 2007 தொடக்கத்தில் ஸ்டூடியோவே இல்லை. 2008-இல் நின்டெண்டோ வீ பதிப்பைச் செய்தது ரெடி அட் டான் என்ற வேறொரு நிறுவனம். அந்தப் பதிப்பில் முடிவில் வரும் பெயர்ப்பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இவ்வளவு பேர் கையால் தீட்டிய கேமில் தீட்டியவர்கள் பெயர் இல்லை என்பது எனக்கு இன்றும் மனவருத்தம். பிளேஸ்டேஷன் 3-க்கான எச்டி 2012-இல் வந்தது. 2017 டிசம்பரில் கணினிக்கும் மற்றவற்றுக்கும், 2018-இல் ஸ்விட்சுக்கும் வந்தது.

2024 டிசம்பரில் தொடர்ச்சியை அறிவித்தபோது இயக்குநர் இடத்தில் மறுபடி காமியா பெயர். அந்த முன்னோட்டத்தில் வெள்ளை ஓநாய் புல்வெளியில் ஓடியதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

ஒற்றைப்பட்டன்

மாலைவெயில் சொன்ன புகழ்ச்சிக் கணக்கு எனக்குத் தெரியாது. நல்ல யோசனை, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் தூரிகை பற்றி என் பெரிய சந்தேகம் தீரவில்லை. வரைகிறோம் என்கிறீர்கள். உண்மையில் வரைகிறோமா? கேம் ஏற்கெனவே முடிவு செய்துவைத்த குறிகளைத்தானே போடுகிறோம். விரிசல் விட்ட சுவரா, வாலோடு ஒரு வட்டம், குண்டு வரும். காற்று வேண்டுமா, ஒரு சுழி. பூட்டுக்குத் தகுந்த சாவி, அவ்வளவுதான். என் வட்டம் அழகா கோணலா என்பது கேமுக்கு ஒரு பொருட்டில்லை. கோணலானால் தப்பாகப் படித்துக்கொள்ளும், அதுவேறு. நான் குண்டு வரையப் போய்ச் சூரியன் உதித்தது எத்தனை முறை! தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுக்கும்போது கேமரா கோணம் சரியில்லாமல் மை வீணானதும் உண்டு.

குறுக்குக்கோடு

ஒற்றைப்பட்டன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். தூரிகை சாவியாகத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. முதல் பத்து மணி நேரத்துக்குப் பிறகு புதிய வித்தை வந்தாலும் "இதற்கு இது" என்று மனம் தானாகப் பொருத்திவிடும்.

ஆனால் சண்டையைக் கொஞ்சம் தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு பேய்க்கும் ஒரு குறிப்பிட்ட வித்தை, அதுவும் கடைசி அடியில் வர வேண்டும். அப்போது அது பூவாகச் சிதறும், பேய்ப்பல் கிடைக்கும். எந்தப் பேய்க்கு எது என்று கேம் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது. அங்கேதான் நானாகச் சோதித்துப் பார்த்தேன். எளிதான சண்டைதான், மறுக்கவில்லை. ஜெயிப்பதைத் தாண்டி அழகாக ஜெயிப்பது என்று ஒன்று அங்கே இருந்தது.

அப்புறம் ஒன்பதுவால் நரி என்ற பெரும் எதிரி. ஒற்றைப்பட்டன் அதுவரை போகவில்லை போலிருக்கிறது. நாம் உலகை உறைய வைத்துக் காகிதத்தை விரிக்கிறோம், மை வைக்கப் போகிறோம். அந்தக் காகிதத்தில் நரியும் வரையத் தொடங்குகிறது! அதற்கும் ஒரு தூரிகை இருக்கிறது. அதுவரை பல மணி நேரம் அந்தக் காகிதம் நமக்கு மட்டுமே உரிய பாதுகாப்பான இடம். அங்கே இன்னொரு கை நுழைந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி இன்னும் நான்கு யோசனைகள் இருந்திருந்தால் சாவி என்ற குற்றச்சாட்டே எழுந்திருக்காது. காமியாவின் குழுவுக்கு அது தெரிந்திருந்தது என்பதற்கு அந்த ஒரு சண்டையே சாட்சி. அதனால்தான் மற்ற இடங்களில் செய்யாமல் விட்டது இன்னும் வலிக்கிறது.

மைக்கறை

ஒன்பதுவால் நரி பற்றி ஒரு முழு இழை போடலாம். நான் சொல்லத் தெரியாமல் தவித்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

வெண்பனி

குறைகளைப் பேசுகிறோம் என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இஸ்ஸுன் பெண்களைப் பார்க்கும் விதம்.

ஒரு பெண் பாத்திரம் வந்தால் போதும், அவன் குதித்துப்போய் வழிவான். கேமராவும் அவனோடு சேர்ந்து அவள் மார்பின் மேல் போய் நிற்கும். மரத்தின் ஆவியான சகுயாவிடமும் அப்படி, ராவ் என்ற பூசாரிப் பெண்ணிடமும் அப்படி. உயிர்களை வணங்கச் சொல்லும் ஒரு கேம், தன் பெண்களை மட்டும் இப்படிப் பார்க்கிறது. தங்கையோடு உட்கார்ந்து ஆடியபோது ஒவ்வொரு முறையும் எனக்குக் கூச்சமாகவே இருந்தது. ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். ஆட்டம் முழுக்க வருகிறது.

பழையவட்டு

வெண்பனி, நீங்கள் சொல்வது உண்மை. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இஸ்ஸுன் முதலில் தன் கடமையிலிருந்து தப்பி ஓடி வந்தவன். கதை அவனைத் திருத்தி எடுக்கிறது. அந்த வளர்ச்சிக்காகத்தான் முதலில் அவனைக் கீழே வைத்தார்களோ என்று நினைப்பேன்.

வெண்பனி

ஓடிப்போனவன் திரும்பி வந்து கடமையை ஏற்கிறான், அந்த வளர்ச்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் பெண்களிடம் அவன் நடந்துகொள்ளும் விதம் மாறவே இல்லையே. கதை அதைக் குறையாகவே கருதவில்லை, சிரிப்புக்காக வைத்திருக்கிறது. தவிர, கேமராவைத் திருப்புவது இஸ்ஸுன் இல்லை, செய்தவர்கள்.

பழையவட்டு

சரிதான். கேமராவை நான் யோசிக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன்.

நீர்வண்ணம்

புதிதாக ஆட நினைக்கிறேன். எதில் ஆடுவது நல்லது? தூரிகைக்கு எது வசதி?

குறுக்குக்கோடு

ஸ்விட்சைக் கையில் பிடித்து ஆடினால் தொடுதிரையில் விரலாலேயே வரையலாம். கணினியில் மவுஸால் வரையலாம், கோடு நேராக வரும். ஆனால் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு (படச்சட்டத்துக்கு) மேல் போகாது. ஆட்டத்தின் கணக்குகளே அந்த வேகத்தோடு பிணைந்திருக்கின்றன. மெதுவாக அசையும் ஓவியத்துக்கு அது எனக்கு உறுத்தவில்லை. வீ பதிப்பில் ரிமோட்டை ஆட்டி வரைவது கேட்கும்போது அருமையாக இருக்கும், கையில் எடுத்தால் நேர்க்கோடு போடவே தனிப் பயிற்சி வேண்டும்.

பழையவட்டு

பிளேஸ்டேஷன் 2 பதிப்பு கிடைத்தால் ஒரு முறையாவது பாருங்கள். காகிதச் சொரசொரப்பு அதில்தான் அடர்த்தி. எச்டியில் கோடுகள் கூர்மை, ஆனால் மை காகிதத்தில் ஊறியது போன்ற அந்தக் கலங்கல் பழையதில்தான் நிறைவாக இருந்தது.

மாலைவெயில்

நீளம் பற்றி யாருமே பேசவில்லையே. என் அன்பு எவ்வளவோ இருந்தும் இதைச் சொல்லியாக வேண்டும்: ஒரோச்சியோடு மூன்று முறை சண்டை. (இதற்குக் கீழே ஸ்பாய்லர் வரும்.)

முதல் முறை எட்டுத் தலைகளுக்கும் மதுவை ஊற்றி மயக்கி வீழ்த்தும்போது கேமே முடிந்தது போன்ற நிறைவு வரும். பார்த்தால் பாதி வழிகூட வந்திருக்காது. இரண்டாவது முறை நூறு ஆண்டு பின்னோக்கிப் போய், கதையில் மட்டும் கேட்ட வீரன் நாகியோடு சேர்ந்து அதே நாகம். மூன்றாவது, கடைசிக் கப்பலில். அங்கே ஒரோச்சியோடு நிற்கவில்லை, சிலந்தி ராணி, ஒன்பதுவால் நரி என்று பழைய பெரும் எதிரிகள் ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராகத் திரும்ப வருகிறார்கள். அப்போது நம் பலம் எங்கோ போயிருக்கும், ஐவரும் தூசு மாதிரி. முடிவை நோக்கி மனம் ஏங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பழைய பாடத்தைத் திரும்ப எழுதச் சொன்னதுபோல இருந்தது.

இரண்டாவது சண்டையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொடக்கக் கதையில் நாம் கேட்ட அந்தப் புராணத்துக்குள் நாமே போய் நிற்கிறோம். ஷிரனுய் என்று ஊரார் கும்பிட்ட அந்தப் பழைய வெள்ளை ஓநாயையும் நேரில் பார்க்கிறோம். அதற்காக அந்தச் சண்டை அவசியம். மூன்றாவது மட்டும் கட்டாயம் வெட்டியிருக்க வேண்டியது.

ஒற்றைப்பட்டன்

மண்ணைத் தோண்டும் மினி கேம் என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

மாலைவெயில்

ஆமாம். நேரக் கெடு ஓடிக்கொண்டிருக்கும், கூட வரும் ஆளையும் காப்பாற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அவன் போகும் வழியும் நம் வழியும் ஒத்துப்போகாது. வேறு இடங்களில், சுவர் போல நிற்கும் ஒருவன் உடம்பில் மின்னும் புள்ளிகளை நினைவில் வைத்து அதே வரிசையில் குத்தும் இடமும் உண்டு, கடைசியில் புள்ளிகள் எட்டாகிவிடும். கேம் முழுக்க நம்மைக் கைபிடித்து நடத்திவிட்டு இங்கே மட்டும் திடீரென்று கையை உதறிவிடுகிறார்கள். கடினத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்கவில்லை.

குறுக்குக்கோடு

சின்னதாக ஒரு விஷயம், தெரியாதவர்களுக்காக. தூரிகை வித்தைகளைத் தரும் தெய்வங்களை எண்ணிப் பாருங்கள். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், பன்றி. ஆண்டுச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளில் பதினொன்று. நாய் மட்டும் இல்லை. அந்த இடம் அமதெராசுவுக்கு. கூடவே அந்தச் சக்கரத்தில் இடமே இல்லாத பூனைக்கும் ஒரு தெய்வப் பதவி, சுவர் ஏறும் வித்தையோடு. எலி ஏமாற்றியதால் பூனை இடம் இழந்தது என்ற பழங்கதை தெரிந்தவர்களுக்கு அந்த உயரமான கோபுரத்தில் பூனையைக் கண்டதும் மனம் குளிரும். இப்படிப்பட்ட அன்பு அந்தக் கேமின் மூலைமுடுக்கெல்லாம் கிடக்கிறது.

மைக்கறை

முடிவைப் பற்றி ஒரு பதிவு. முடிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள், நீர்வண்ணம் நீங்கள் கட்டாயம்.

கடைசிச் சண்டையில், இறுதி எதிரியான யாமி நம் தூரிகை வித்தைகள் எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளும். ஆட்டம் முழுக்கச் சேர்த்தது மொத்தமும் போய்விடும். ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற வேண்டும். கடைசியில் அதுவும் பத்தாமல் அமதெராசு விழுந்து கிடப்பாள். அப்போது இஸ்ஸுன் ஓடுகிறான். தப்பி ஓடிய ஓவியன், இந்த முறை ஊர் ஊராக அவளைப் படமாக வரைந்து கொண்டுபோய், அந்த வெள்ளை நாய் யார் என்று மக்களுக்குச் சொல்கிறான். துணி காயவைத்த அம்மாவும் சுசானோவும் கும்பிடுகிறார்கள். நாம் ஆட்டம் முழுக்க யாருக்கும் தெரியாமல் செய்த சின்ன உதவிகள் எல்லாம் அங்கே திரும்பி வருகின்றன.

மாலைவெயில் சொன்ன புகழ்ச்சிக் கணக்கு இந்தக் காட்சிக்குத்தான் காத்திருந்தது என்று இரண்டாம் முறைதான் புரிந்தது. அமதெராசுவை எழுப்புவதும் ஓர் ஓவியனின் தூரிகை. ஐந்து எதிரிகளின் வரிசையை நான் மன்னித்தது இதற்காக மட்டும்தான். வெண்பனி சொன்னதை இந்தக் காட்சியும் சரிசெய்துவிடாது. அதுவும் எனக்குத் தெரிகிறது.

ஒற்றைப்பட்டன்

இந்த இழையைப் படித்துவிட்டு மறுபடி எடுத்தேன். பழைய சேமிப்பிலிருந்தே தொடர்ந்தேன், தொடக்கத்தை இன்னொரு முறை தாங்க மனமில்லை. நான் விட்ட இடம் ஒரு சாபப் பகுதியின் வாசல் என்று இப்போதுதான் தெரிந்தது. அங்கே பட்டுப்போன காவல் மரத்தைப் பூக்க வைத்ததும் வயல் முழுக்கப் பச்சை ஓடியதே, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் விட்டுப் போயிருக்கிறேன்.

இன்று ஒரோச்சியை முடித்தேன். எளிதுதான், இஸ்ஸுன் இப்போதும் நிறையப் பேசுகிறான். இரண்டிலும் என் கருத்து மாறவில்லை. ஆனால் வேலை இல்லாத நேரத்தில் பறவைகளுக்கு விதை போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேல். எந்தக் கேமிலும் நான் அப்படிச் செய்ததில்லை.

அடுத்து நகரத்துக்குப் போகச் சொல்கிறது. நரி எவ்வளவு தூரம்?

குறுக்குக்கோடு

இன்னும் தூரம் இருக்கிறது. மைக்குடுவைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.